மடித்து வைத்த துணி

ஊர் சுற்றப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. சிலர் அல்வா வாங்குவார்கள். சிலர் சந்தனமாலை, சிலர் கோயில் படம். நான் துணி வாங்குவேன். புடவை அல்ல. புடவை வாங்குமளவு கையில் பணம் இருந்தபோது அதைக் கட்டிக்கொண்டு போக இடம் இருந்ததில்லை. இடம் இருந்தபோது பணம் இருந்ததில்லை. அரை மீட்டர், ஒரு மீட்டர், சில ஊர்களில் ஒரு ரவிக்கைத் துண்டு. "இதில் என்ன தைக்கப் போகிறீர்கள்?" என்று கடைக்காரர் கேட்டால் "பார்க்கலாம்" என்பேன். வீட்டுக்கு வந்ததும் ஊர் பெயரையும் ஆண்டையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, குண்டூசியால் துணியில் குத்தி, டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவேன். 25 ஆண்டுகளில் 31 துண்டுகள் சேர்ந்தன. ஒன்றிலும் எதுவும் தைக்கவில்லை.

இதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெட்டியைத் திறந்து காட்டுவேன். இது கட்ச் மாவட்டத்துத் தமட்கா, 1997. இது ஜெய்ப்பூருக்குப் பக்கத்தில் பாக்ரு, 1999. இது மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனா, 2003. பயணச்சீட்டுகளைச் சேர்த்து வைக்கும் சிறுவனுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2022-ல் மழைக்காலம் முடிந்து, புனேயில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் திறந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நாலைந்து வருடமாக அதைத் திறக்கவில்லை. குண்டூசிகள் துருப்பிடித்து, ஒவ்வொரு துணியிலும் பழுப்புப் பொட்டு வைத்திருந்தன. சில இடங்களில் பொட்டு ஓட்டையாகியிருந்தது. பாக்ரு நீலம் மடிப்பு ஓரத்தில் வெளுத்து, விரித்தால் சாம்பல் கோடுகளாகத் தெரிந்தது. பெடனா கலம்காரியைப் பிரித்தேன். கறுப்புக் கோடு ஓடிய மடிப்பில் துணி நூல் நூலாக விட்டுக்கொண்டு வந்தது.

காரணம் ரகசியமல்ல. கலம்காரியிலும் அஜ்ரக்கிலும் கறுப்பு நிறம் இரும்பிலிருந்து வருகிறது. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு தண்ணீரில் பல நாள் ஊறவைத்து, அந்தக் கரைசலைக் கடுக்காய் ஏறிய துணியில் அச்சிடுவார்கள். இரும்பும் கடுக்காயின் துவர்ப்பும் சேர்ந்து கறுப்பாகும். அதே இரும்புதான் மெல்ல மெல்லப் பருத்தி நூலையும் அரிக்கிறது. 18-ஆம் நூற்றாண்டுத் துணிகளை வைத்திருக்கும் அருங்காட்சியகங்களில் இதைப் பார்க்கலாம். சிவப்புப் பூ அப்படியே இருக்கும், பூவைச் சுற்றி வரைந்த கறுப்புக் கோடு மட்டும் உதிர்ந்திருக்கும். ஈரக்காற்றும், ஆண்டுக்கணக்கில் மாற்றாத மடிப்பும் என் வீட்டில் அந்த வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டன. பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நாட்களில் துணி செத்துக்கொண்டிருந்தது.

நாலு துண்டுகள் தேறவில்லை. மீதி 27. இனி பெட்டிக்குள் வைப்பதில்லை, ஒரு ரஜாய் தைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வடக்கே வசித்த தமிழர்களுக்கு ரஜாய் என்றால் புரியும். மற்றவர்களுக்கு, பஞ்சோ பழைய துணியோ உள்ளே வைத்து மேலும் கீழும் துணி போட்டுத் தைத்த கனமான போர்வை என்று சொல்லலாம்.

ஒரு கைவேலைப் புத்தகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் கால் அங்குலம் விட்டுத் தைத்தால் ஆறு அங்குலச் சதுரம் கிடைக்கும். 90-க்கு 60 அங்குலப் போர்வைக்கு 150 சதுரம் வேண்டும். 44 அங்குல அகலமுள்ள அரை மீட்டர் துணியில் 18 சதுரம் வெட்டலாம். ஒவ்வொரு துணியிலும் ஆறு எடுத்தாலே போதும், மிச்சம் மீண்டும் பெட்டிக்குப் போகும். அப்போதும் எனக்குப் பெட்டி ஞாபகம்தான்.

வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் தனித்தனியே தண்ணீரில் ஊறப் போட்டேன். புதுத் துணிகளை நனைக்காமல் சேர்த்துத் தைத்தால், முதல் சலவையிலேயே ஒவ்வொன்றும் அதன் போக்கில் சுருங்கிப் போர்வை கோணிக்கொள்ளும். ஒரு துணியின் சாயம் அடுத்த துணியில் ஏறும். அவுரி நீலம் இரண்டு நாள் தண்ணீரை நீலமாக்கியது. போச்சம்பள்ளி இக்கத் இரண்டு விரற்கடை சுருங்கியது. ஆனால் தண்ணீரில் நனைந்து வெயிலில் உலர்ந்தபின் துணிகள் எல்லாம் உயிர் வந்ததுபோல் ஆயின. தமட்காவின் அஜ்ரக்கை 25 ஆண்டுகளில் அன்றுதான் முதல்தடவை கொடியில் பார்த்தேன்.

அந்தத் துண்டை மட்டும் வெட்ட மனம் வரவில்லை. சிந்துப் பகுதியிலிருந்து ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய கத்ரி குடும்பங்கள் தமட்காவில் அஜ்ரக் அச்சிட்டு வந்தன. சுண்ணாம்பும் பிசினும் சேர்த்து வெள்ளை நிற்க வேண்டிய இடத்தை மறைத்து, கறுப்புக்கு இரும்பு, சிவப்புக்குப் படிகாரம், கடைசியில் அவுரித் தொட்டி என்று ஒரு துணி பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் கை மாறும். நடுவில் ஒவ்வொரு தடவையும் ஓடும் தண்ணீரில் அலசுவார்கள். நான் போனபோது பட்டறையில் ஒரு முதியவர் மரத்தடியில் உட்கார்ந்து அச்சுக்கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மீட்டர் கேட்டேன். அவர் சொன்ன விலையில் பத்து ரூபாய் குறைத்தேன். 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் அந்தக் கிராமம் இடிந்து விழுந்தது. தண்ணீரும் மாறிவிட்டது. இரும்புச்சத்து கூடிப்போனதால் சாயம் சரியாக எடுக்கவில்லை. பல குடும்பங்கள் பூஜ் நகருக்கு அருகே புதிதாக ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்டன. அதற்கு அஜ்ரக்பூர் என்றே பெயர். கையில் இருப்பது பழைய தமட்காத் தண்ணீரில் அலசிய துணி. அதில் எப்படிக் கத்தரிக்கோல் வைப்பது?

இந்த யோசனையில் இருந்தபோதுதான் பக்கத்து வீட்டுக்காரர் மாவ்ஷியை அனுப்பி வைத்தார். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. வயதான பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறோம். அறுபது வயதிருக்கும். வீடு வீடாகப் போய் கோதடி தைத்துக் கொடுப்பவர். மராட்டியப் பகுதியின் ரஜாய்தான் கோதடி. வீட்டிலுள்ள பழைய துணியை நாம் கொடுத்தால், அவர் கூடத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். கூலி கைக்கும் நூலுக்கும் மட்டும்.

துணிகளைப் பரப்பிக் காட்டினேன். மாவ்ஷி ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தார். குளேத்குட்டாவில் வாங்கிய சின்னச் சின்னப் பூ போட்ட துண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கண்!" என்றார். கர்நாடகத்தில் நெய்து மராட்டியப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ரவிக்கை தைத்துக்கொண்ட துணி அது. "இதைக் கோதடியிலா போடப் போகிறாய் தாயீ? ரவிக்கைத் துணி ரவிக்கையாகத்தான் வேண்டும்." தாயீ என்றால் அவர்களுக்கு அக்கா. நம் காதுக்கு வேறு மாதிரி கேட்கும்.

பிறகு, "எல்லாம் புதுத்துணியாக இருக்கிறதே, புடவை எங்கே?" என்றார்.

"என்ன புடவை?"

"பழைய புடவை. யாராவது கட்டியது. அது இல்லாமல் எப்படிக் கோதடி?"

மேலே மட்டும்தானே தெரியப் போகிறது, உள்ளே புதுப் பருத்தித்துணி வாங்கி வைக்கலாமே என்றேன். மாவ்ஷி ஊசியை எடுத்து, மடித்த புதுத்துணியில் நாலு மடிப்புக்குள் குத்திக் காட்டினார். பாதியில் நின்றது. தன் புடவைத் தலைப்பை நாலாக மடித்துக் குத்தினார். சுலபமாக இறங்கியது. "நூறு தடவை துவைத்த துணிதான் ஊசிக்கு இடம் கொடுக்கும். உடம்புக்கும் அதுதான் இதம்" என்றார்.

அவர் சொன்னதை இந்த நாட்டில் பல பாஷைகளில் சொல்லியிருக்கிறார்கள். வங்காளத்தின் காந்தா பழைய புடவைகளை அடுக்கித் தைத்தது. தையலுக்கான வண்ண நூலைக்கூடப் பழைய புடவைக் கரையிலிருந்துதான் உருவி எடுத்தார்கள். வடமொழியில் 'கந்தா' என்றால் கிழிசல். நம் 'கந்தை'யும் அந்த உறவுதான். குருசதய் தத் (1882-1941) கிராமம் கிராமமாகப் போய் இந்தக் காந்தாக்களைச் சேர்த்திருக்காவிட்டால், எத்தனையோ கைவேலை குப்பையில் போயிருக்கும். பீகாரில் முஸாபர்பூர் பக்கம் சுஜனி. பிறந்த குழந்தையைப் போர்த்துவதற்காகப் பழைய புடவைகளைச் சேர்த்துத் தைத்தார்கள். வட கர்நாடகத்தில் கவுதி. எல்லாப்பூர், ஹலியாள் காடுகளில் வசிக்கும் சித்தி இனப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், ஒரு பழைய புடவையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து ஒட்டுப்போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைப்பார்கள். அதற்குப் பூ என்று பெயர். பூ வைக்காத போர்வை அவர்களுக்கு அம்மணமான போர்வை.

இவற்றில் எதற்கும் யாரும் கடைக்குப் போய்த் துணி வாங்கவில்லை. புதுத்துணியில் போர்வை தைத்ததும் இங்கே நடந்திருக்கிறது, ஆனால் அது வெளியூர்க்காரர்களுக்காக. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் வங்காளத்தில் போர்த்துகீசியர்களுக்காக மஞ்சள் பட்டு நூலால் படம் படமாகத் தைத்தார்கள். மசூலிப்பட்டினத்தின் பூத்துணி கப்பலேறிப் போய் ஐரோப்பாவின் படுக்கைகளில் விரிந்தது. அந்த மோகம் தாங்காமல் பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. இங்கிலாந்தில் 1721-ல், அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையும் பயன்படுத்துவதையும் தடுக்கச் சட்டம் வந்தது. இங்கிலாந்தின் மிகப் பழைய ஒட்டுப்போர்வைகளில் ஒன்று லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் இருக்கிறது. 1708 வாக்கில் இந்தியப் பூத்துணியின் துண்டுகளை வைத்துத் தைத்தது. தூர தேசத்துத் துணியை ஆசையாக வாங்கி, சிறு துண்டுகூட வீணாகாமல் சதுரமும் கட்டமுமாக வெட்டி ஒட்டுப்போடுவது அவர்கள் பழக்கம். என் புத்தகக் கணக்கும் அந்த வழியில் வந்ததுதான். சொந்த நாட்டில் நான் வெளியூர்க்காரி மாதிரி துணி வாங்கியிருக்கிறேன்.

"வீட்டில் பழைய புடவையே இல்லையா?" என்றார் மாவ்ஷி.

இருந்தது. பீரோவின் அடித்தட்டில், அம்மாவுடையது. அம்மா 2019-ல் போனாள். அவள் அலமாரியைக் காலி செய்தபோது அக்காவும் நானும் புடவைகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். பட்டுப்புடவைகள் பதினொன்று இருந்தன. அதில் மூன்று மடிப்புக் கலையாதவை. யாரோ கொடுத்தது, எதற்கோ எடுத்தது, நல்ல நாளுக்கு என்று வைத்தது. அவள் பார்த்த நல்ல நாள் எதுவும் அந்த மூன்று புடவைக்குப் போதுமானதாக இல்லை போலிருக்கிறது. ஒன்றை விரித்தபோது சரிகை மடிப்பில் பட்டு கீறிக்கொண்டது. பெட்டி நிறையத் துணியை மடித்து வைக்கும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அவள் தினமும் கட்டியது இரண்டு சுங்குடிப் புடவைகள். அரக்கு ஒன்று, பச்சை ஒன்று. ஒன்று கொடியில், ஒன்று உடம்பில். துவைத்துத் துவைத்துப் புள்ளிகள் மங்கிப்போய், தோளில் இழை விட்டுப்போனவை. பங்கு போடும்போது அவற்றை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நான் சும்மா எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாவ்ஷி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுதான்" என்றார். இங்கத்திப் பெண்கள் கட்டும் ஒன்பது கெஜப் புடவையை நாலாக மடித்தால் ஏழடி வரும், அதுதான் அவருக்குப் பழக்கப்பட்ட அளவு. ஆறு கெஜத்தை மூன்றாக மடித்தால் ஆறடிதான். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு இது போதும்" என்றார். வெட்ட வேண்டியதில்லை, மடித்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் ஆறு அடுக்கு, மேலே உன் துணிகள். சதுரக் கணக்கை அவர் கேட்கக்கூட இல்லை. "துணி எந்த அளவு வேண்டும் என்று துணியே சொல்லும்."

அக்காவிடம் கேட்காமல் செய்யக்கூடாது என்று சென்னைக்குப் போன் செய்தேன்.

"அம்மா புடவையைக் கிழிக்கப் போறியா?"

"கிழிக்கலைக்கா. மடிச்சுத் தைக்கப் போறா."

"ஊசி குத்தினாலும் ஒண்ணுதான். இத்தனை நாள் பத்திரமா வெச்சிருந்தே, இப்ப என்ன அவசரம்?" என்று வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுவதும் பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. தைத்தபின் அது அம்மாவின் புடவையாக இருக்காது. போர்வையைத் துவைக்க வேண்டும், வெயிலில் போட வேண்டும், ஒருநாள் அதுவும் கிழியும். பீரோவிலேயே இருந்தால் கிழியாது என்று நினைக்கலாம். பெட்டியைத் திறந்து பார்த்திராவிட்டால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

மாவ்ஷி 18 நாள் வந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து, வெளிச்சம் போகும்வரை. ஓரத்திலிருந்து தொடங்கினார். கெட்டியான வெள்ளை நூல், அரிசி நீளத்துக்குத் தையல், வரிசைக்கு வரிசை ஒரு விரல் இடைவெளி. முதல் சுற்று முடிந்ததும் அதற்குள் அடுத்த சுற்று. மேல்துணியை நான் வெட்டிக் கொடுத்தேன். தமட்காத் துண்டை நாலு நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாம் நாள் மாவ்ஷி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். வெட்டினேன். கத்தரிக்கோல் போன சத்தம் மற்றத் துணிகளில் கேட்டது போலத்தான் இருந்தது.

கண் துணியை மாவ்ஷி தன் மருமகள் ரவிக்கைக்கு எடுத்துக்கொண்டார். மீதி 26 துணிகளில் பெட்டிக்குத் திரும்பிப் போக எதுவும் மிஞ்சவில்லை. நாலு மூலையிலும் பூ வைக்க முடியுமா என்று கேட்டேன். சித்திப் பெண்கள் பற்றிச் சொன்னேன். அப்படி வழக்கமில்லை என்று சிரித்தார், பிறகு வைத்துக் கொடுத்தார்.

அவர் கேட்ட கூலியை 18 நாளுக்கு வகுத்துப் பார்த்தேன். தமட்காவில் குறைத்த பத்து ரூபாய் ஞாபகம் வந்தது. அந்த முதியவரிடம் திருப்பிக் கொடுக்க வழியில்லை. இந்த முறை பேரம் பேசவில்லை. கேட்டதற்கு மேலேயே கொடுத்தேன். அதுவும் அதிகம் என்று சொல்ல முடியாது.

டிசம்பரில் அக்கா வந்தாள். புனேயில் அந்த மாதம் ராத்திரி நன்றாகக் குளிரும். போர்வையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் படுக்கையில் போட்டுவிட்டு வந்தேன். காலையில் பார்த்தால், உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போர்த்தியிருந்தாள். மேலே கட்ச்சும் பாக்ருவும் பெடனாவும் தெரியவில்லை. மங்கிப்போன அரக்குப் புடவையும் அதன்மேல் மாவ்ஷியின் வெள்ளைத் தையலும்தான் தெரிந்தன.

எழுந்தவள் காபி குடித்துவிட்டுப் போர்வையை எடுத்தாள். மடிக்கப் போகிறாள் என்று நினைத்து நான் பீரோவைத் திறந்தேன்.

"மடிக்காதே. அம்மா எப்பவும் கொடியிலதான் போடுவா" என்று பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.